யாருடைய பொது?

‘பொது’ என்ற சொல்லை நம்மவர்கள் எவரும் சந்தேகிப்பதில்லை. பொதுக் கிணறு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதில் யார் அள்ளக்கூடாது என்று எழுதாமலே எழுதி வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்று வரும்போது மட்டும் இந்தச் சொல்லை மெல்லாமல் விழுங்கிவிடுகிறோம். பொதுசனத் தொடர்பு சாதனம், பொதுக் கூட்டுத்தாபனம், பொதுச் சொத்து. இலங்கையில் இந்த மூன்றிலும் ‘பொது’ என்பதற்கு அரசாங்கம் என்று பொருள். இன்னும் கறாராகச் சொன்னால் அரசாங்கம் என்றுகூட அல்ல, கடைசித் தேர்தலில் வென்ற கட்சி என்று பொருள்.

இதை இப்போது சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் நமது வட்டத்திலேயே கேட்கும் இரண்டு குரல்கள். அரசாங்கப் பத்திரிகைகளையும் வானொலியையும் விற்றுத் தொலைத்தால் கருத்துச் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்கிறது ஒன்று. அவை மக்கள் சொத்து, முதலாளியிடம் கொடுப்பது துரோகம் என்கிறது மற்றது. இரண்டு குரலுக்கும் சொந்தக்காரர்கள் என் நண்பர்கள். இருவரும் நல்ல கவிதை எழுதியவர்கள். ஆனால் இந்த விஷயத்தில் இருவரும் ஒரே பிழையை இரண்டு முனைகளிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஏரிக்கரைக்குப் போவோம். பேரே வாவியிலிருந்து லேக் ஹவுஸ் என்று பெயர்பெற்ற அந்த ஸ்தாபனத்தைக் கட்டியவர் டி. ஆர். விஜேவர்தன. 1918இல் ஆங்கில டெய்லி நியூஸ், 1932இல் தமிழில் தினகரன். சிங்களத் தினமினவையும் ஆங்கில ஒப்சேவரையும் ஏற்கெனவே விலைக்கு வாங்கியிருந்தார். ஒரு குடும்பத்தின் கையில் மூன்று மொழியிலும் நாட்டின் காலை நேரம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் அரசியலும் ஒளிவுமறைவானதல்ல. விஜேவர்தனவின் சகோதரி மகன் ஜே. ஆர். ஜயவர்தன. அவருக்குப் பிறகு பத்திரிகைகளை நிர்வகித்தவர் மருமகன் எஸ்மண்ட் விக்கிரமசிங்க. எஸ்மண்டின் மகன் ரணில். ஐக்கிய தேசியக் கட்சியின் வீட்டுப் பத்திரிகை என்று எதிரிகள் சொன்னதில் மிகை இல்லை. ஆகவே அது மக்கள் பத்திரிகை அல்ல என்று இடதுசாரிகள் சொன்னதும் சரியே.

அதைக் கையகப்படுத்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் முதலில் முயன்றது 1964இல். அந்த முயற்சியினால் கட்சி பிளந்தது. சி. பி. டி சில்வாவும் அவருடன் சிலரும் எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள், ஒரே வாக்கினால் அரசாங்கம் கவிழ்ந்தது. ஒரு பத்திரிகை ஸ்தாபனத்தைத் தொடப் போய் அரசாங்கமே விழுந்த கதை அது. 1970இல் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன், சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் கூட்டாக ஆட்சிக்கு வந்தபோது பழைய கணக்கு தீர்க்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம். நூற்றுக்கு 75 வீதப் பங்குகள் அரசாங்கத்தின் சார்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போயின.

இங்கேதான் நண்பர்கள் இருவரும் வாசிக்காமல் விட்ட வரி இருக்கிறது. பத்திரிகை அரசாங்கத்தினுடையதாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒரு குடும்பக் கம்பனியைப் பரந்த உடைமை உள்ள கம்பனியாக மாற்றுவது என்றே சொன்னது. நம்பிக்கைப் பொறுப்பாளர் வெறும் கைமாற்றுக்காரர். பங்குகள் அவர் கையில் சில காலம் தங்கிப் பிறகு பரவலாகப் பொதுமக்களிடம் போய்ச் சேரவேண்டும். ‘பொது’ என்ற சொல்லுக்கு இலங்கைச் சட்டப்புத்தகத்தில் ஒருமுறையாவது உண்மையான பொருள் எழுதப்பட்டது என்றால் அது இங்கேதான். எழுதியதோடு சரி. ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

1977இல் யார் வந்தார்? ஸ்தாபகரின் மருமகனே வந்தார். பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பலத்தோடு வந்தார். மாமனின் பத்திரிகையைப் பறித்தது அநியாயம் என்று எதிர்க்கட்சியிலிருந்து முழங்கிய கட்சி அது. குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை. மக்களிடம் கொடுத்தாரா? அதுவும் இல்லை. வைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு டைம்ஸ் ஒஃப் சிலோன் நிறுவனத்தையும் அதே 1977இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் ஸ்தாபகரின் பேரனே பலமுறை பிரதமரானார், 2022இல் ஜனாதிபதியுமானார். அவரும் அந்தப் பங்குகளை அசைக்கவில்லை. கொள்கை, குடும்பம், பழிவாங்கல் எல்லாவற்றையும்விட ருசியான ஒன்று அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறது. நாளைக் காலையில் என்ன தலைப்பு வரும் என்பதை இன்றிரவே தெரிந்துவைத்திருக்கும் சுகம் அது.

அரசாங்கம் பத்திரிகைக்குச் சொந்தக்காரனானதும் பத்திரிகையாளனுக்கு அரசாங்கப் பாதுகாப்புக் கிடைத்தது என்று யாரேனும் நினைத்தால் அவர்களுக்காக ஒரு சிறு நிகழ்ச்சி. 1978இல் பாராளுமன்றம் (அப்போது தேசிய அரசுப் பேரவை) தன்னைத்தானே நீதிமன்றமாக்கிக்கொண்டு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியர்கள் இருவரை விசாரித்து அபராதம் விதித்தது. குற்றம் என்ன? வெளிநாட்டமைச்சரின் புகைப்படத்தின் கீழே பொருந்தாத வாசகம் அச்சாகிவிட்டது. அவ்வளவுதான். தன் சொந்த வீட்டு வேலைக்காரனையே எசமான் சந்திக்கு இழுத்து வந்து அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாடம் அது.

1973இல் வந்த இன்னொரு சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. பத்திரிகைப் பேரவைச் சட்டம். மந்திரிசபையில் நடந்ததை அனுமதியின்றி எழுதினால் குற்றம். பேரவையில் இருப்பவர்கள் தகவல் பணிப்பாளரும், நாட்டுத் தலைவர் நியமிப்பவர்களும். இந்தச் சட்டமூலத்தைப் பரிசீலிக்கவந்த அரசியலமைப்பு நீதிமன்றம், பதினான்கு நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற விதி தன்னைக் கட்டாது என்று சொன்னது. பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இழுபறி. நீதிபதிகள் விலகினார்கள், புதியவர்கள் நியமிக்கப்பட்டார்கள், சட்டமூலம் தப்பியது. அடுத்த வருஷம், 1974 ஏப்ரலில், அவசரகாலச் சட்டத்தின்கீழ் குணசேன நிறுவனத்தின் அச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள். தவச மட்டுமல்ல, நம்முடைய தினபதியும் சிந்தாமணியும் அதோடு போயின. 1977 வரை திறக்கவில்லை. அன்று ஆட்சியில் பங்காளிகளாக இருந்த இடதுசாரிகள் அதற்காகப் பதவி துறந்ததாக நான் அறியேன். முதலாளியின் பத்திரிகைதானே என்று நம் இலக்கியக்காரர்களில் ஒருசாரார் தோளைக் குலுக்கினார்கள். முத்திரை மெழுகுக்கு வர்க்கபேதம் தெரியாது என்பது அவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

இனி விற்றுவிடலாம் என்கிற நண்பரிடம் வருகிறேன். ஆனால் அவருக்குச் சாதகமான ஒரு சாட்சியை நானே முதலில் தருகிறேன். 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தவர் க. கைலாசபதி. மார்க்சியவாதி. பத்திரிகையோ விஜேவர்தன குடும்பத்தினுடையது. அந்தப் பக்கங்களில்தான் ஈழத்து எழுத்து, மண்வாசனை, தேசிய இலக்கியம் என்ற விவாதங்கள் எல்லாம் வாசகனிடம் வந்தன. தென்னிந்தியச் சஞ்சிகைகளைப் பிரதிபண்ணிக்கொண்டிருந்த தலைமுறை தன் ஊர்ப் பேச்சை எழுதத் துணிந்தது. கைலாசபதியின் விமர்சன முறையில் எனக்கு உடன்பாடில்லை. கவிதையைப் பற்றி அவர் எழுதியவற்றில் பாதி கவிதையைப் பற்றியதே அல்ல. ஆனால் ஆசிரிய பீடத்தில் அவர் செய்ததை, நூற்றுக்கு 75 வீதம் ‘பொது’வாகிவிட்ட பிறகு அதே நாற்காலியில் அமர்ந்தவர்களால் செய்ய முடிந்ததா? முதலாளியின் கட்டடத்தில் ஒரு மார்க்சியவாதிக்கு இடமிருந்தது. மக்களின் கட்டடத்தில் யாருக்கும் இடமில்லை.

இதிலிருந்து ‘ஆகவே முதலாளி’ என்று முடிவுகட்டுவது அவசரம். அதே முதலாளியின் ஒப்சேவருக்கு ஆசிரியராக இருந்தவர் டார்சி விட்டாச்சி. 1958 கலவரத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை லண்டனில்தான் வெளியிட வேண்டியிருந்தது. நாட்டைவிட்டும் போனார். கைலாசபதிக்குக் கிடைத்த இடம் முதலாளியின் தாராள மனத்தால் வந்ததல்ல. தமிழ்ப் பக்கங்களில் என்ன வருகிறது என்று மேல்மாடியில் எவரும் படிப்பதில்லை, விற்பனை ஏறினால் போதும் என்ற அலட்சியத்தால் வந்தது. நமக்கு இந்த நாட்டில் கிடைத்த சுதந்திரங்களில் கணிசமானவை இப்படி மேலே இருப்பவர்களின் அறியாமையால் கிடைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம்.

வானொலியும் அப்படித்தான். 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி, யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக நடந்த நிலையத்தைப் பெற்று 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1967இல் கூட்டுத்தாபனமானது. தமிழ்நாட்டில் இலங்கை வானொலி என்றால் இன்றும் வயதானவர்கள் கண்களில் ஒரு வெளிச்சம் வருகிறது. மயில்வாகனத்தின் குரலையும் கே. எஸ். ராஜாவின் குரலையும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நியாயந்தான். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தபோது நமது வர்த்தக சேவை அள்ளிக்கொண்டது. ஆனால் அந்தப் புகழுக்கும் இங்கிருந்த தமிழனுக்கும் என்ன சம்பந்தம்? கடலுக்கு அப்பால் பாட்டுக் கேட்டவனுக்கு அது ஒரு தோழன். இங்கே, பாட்டு முடிந்து செய்தி தொடங்கும்போதே எங்கள் வீடுகளில் குமிழைத் திருகிவிடுவார்கள். பிறகு லண்டனுக்குத் திருப்புவார்கள். ஒரு சனத்தொகை தன் ஊரில் நடந்ததை அறிய ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் குரலுக்காகக் காதை வைத்திருந்தது என்பதைவிடப் பெரிய விமர்சனம் இந்தக் கூட்டுத்தாபனத்தைப் பற்றி எழுதிவிட முடியாது.

அதே நிலையத்தின் மூலைகளில் நல்லதும் நடந்தது. சானாவின் லண்டன் கந்தையா, சில்லையூர் செல்வராசனின் தணியாத தாகம் (மக்கள் வங்கியின் விளம்பரத்தோடு வந்த தொடர் அது). யாழ்ப்பாணப் பேச்சு கோமாளிக்கு மட்டும் உரியதல்ல, துக்கத்துக்கும் உரியது என்று அந்தத் தொடர் காட்டியது. நாடகத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைக்காட்சியின் கதையை நீட்டத் தேவையில்லை. 1979இல் தனியார் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியை அதே வருஷம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை. சுயாதீனம் என்ற பெயர்ப்பலகையோடு அது இன்றும் அரசாங்கத்தினுடையது. இப்படியான நகைச்சுவையை நமது சிறுகதையாளர்கள் எவரும் இதுவரை எட்டவில்லை. 1982இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. 1990களில் தனியார் பண்பலைகள் வந்தன. அவை கொண்டுவந்த சுதந்திரம் என்ன? அறிவிப்பாளர்கள் சென்னை உச்சரிப்பில் பேசும் சுதந்திரம். அனுமதிப் பத்திரம் மந்திரியின் மேசையிலிருந்து வந்தது. தந்த கை எடுக்கவும் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். 1997இல் உயர் நீதிமன்றம் ஓர் ஒலிபரப்புச் சட்டமூலத்தை நிறுத்தியபோது, வானலைகள் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்திடமிருந்து சுயாதீனமாக இருக்கவேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அதன் பின்பு 2024 வரை வந்த எந்த அரசாங்கமும் அப்படியொரு சபையை அமைக்கவில்லை. தனியார் நிலைய முதலாளிகளும் அதற்காகத் தெருவில் இறங்கவில்லை. மந்திரியோடு தனித்தனியாகப் பேசிக்கொள்வது அவர்களுக்கும் வசதி.

ஆனால் எழுதுகிறவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது உடைமை அல்ல, மொழி. அரசாங்கப் பத்திரிகையின் தமிழை ஒரு வாரம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். அதில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் ‘மேற்கொள்ளப்படுகின்றன’. வீதிகள் புனரமைக்கப்பட்டு வருகின்றன, மக்கள் மீள்குடியேற்றப்பட்டுள்ளனர், நடவடிக்கைகள் முன்னெடுக்கப்படவுள்ளன. எழுவாய் இல்லாத ஒரு நாடு. மந்திரிமார் பேசுவதுமில்லை, சுட்டிக்காட்டுகிறார்கள், வலியுறுத்துகிறார்கள், மேலும் தெரிவிக்கிறார்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தயாரான அறிக்கையை இரவுப்பணியில் இருக்கும் ஓர் உதவி ஆசிரியர் அவசரமாக மொழிபெயர்க்கிறார். அந்த மனிதரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக நாளுக்கு நாள் அச்சேறி, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் மேடைக்கும் பரவி, இன்று நமது சிறுகதைக்குள்ளும் அது வந்துவிட்டது. வீட்டை இராணுவம் இடித்தது என்று எழுதவேண்டிய இடத்தில் ‘வீடு இடிக்கப்பட்டிருந்தது’ என்று எழுதும் இளம் எழுத்தாளனுக்குத் தான் யாரிடமிருந்து அந்த வாக்கியத்தைக் கற்றான் என்பது தெரியாது.

பல வருஷங்களுக்கு முன்னர் ஒரு பொதுஸ்தாபனம் வெளியிட்ட மலருக்கு நான் ஒரு கட்டுரை கொடுத்தேன். ஒரு கவிதைத் தொகுதி தடைப்பட்டதைப் பற்றி அதில் இரண்டு வரி. அச்சாகி வந்தபோது ‘தடை’ என்பது ‘தாமதம்’ ஆகியிருந்தது. மலரைப் பொறுப்பேற்றிருந்தவர் நல்ல மனிதர், இலக்கிய ரசனை உள்ளவர். கேட்டதற்குச் சொன்னார்: “சொல்லைத்தானே தம்பி மாத்தினனான், கருத்தை மாத்தேல்லையே.” அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். ஒரு விமர்சனச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இந்த வாக்கியத்தின் பயங்கரத்தை விளக்க வேண்டியதில்லை.

மொழி பற்றிய இந்தக் குற்றச்சாட்டில் தனியார் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு, வடக்கின் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜனைக் கொன்றவர்கள் இனந்தெரியாதோர். 2005 ஏப்ரலில் கொழும்பில் சிவராமைக் கடத்திக் கொன்றவர்கள் இனந்தெரியாதோர். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்கவைப் பட்டப்பகலில் கொன்றவர்களும் அவர்களே. 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டவர்களும் அவர்களே. இனத்தின் பெயராலேயே எல்லாம் நடந்த ஒரு நாட்டில் கொலைகாரனுக்கு மட்டும் இனம் தெரியவில்லை. பயத்தில் எழுதிய சொல்தான், உயிரோடு இருப்பதற்காக எழுதியது. அந்தப் பயத்தை நான் இழிவுபடுத்தமாட்டேன். ஆனால் பயம் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை, அது இலக்கணமாகிவிட்டது.

வடக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டதால் மூன்றாவது நண்பரையும் கவனிக்கவேண்டும். எல்லாப் பிழையும் கொழும்பினுடையது, நமக்கென்று ஸ்தாபனங்கள் இருந்தால் நாம் வேறுவிதமாக நடத்துவோம் என்பவர் அவர். நமக்கென்று இருந்தவற்றைக் கொழும்பு என்ன செய்தது என்பதில் எனக்கு மறதி இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்கள். அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள். நூலகத்தையும், நூலகம் எரிந்ததை எழுதவேண்டிய பத்திரிகையையும் சேர்த்து எரித்ததில் ஒரு முழுமையான புத்தி இருந்தது. 1983 ஜூலை தொடங்கும்போதே சற்றர்டே ரிவியூவுக்கும் சுதந்திரனுக்கும் முத்திரை வைத்தார்கள். மாத முடிவில் நடந்ததை நாமறிவோம். 1987 ஒக்டோபரில் ஈழமுரசு, முரசொலி அச்சகங்களைத் தகர்த்தது அமைதிகாக்க வந்த இந்தியப் படை.

இவ்வளவும் உண்மை. இதுவும் உண்மை: யாழ்ப்பாணம் 1990இல் நமது பையன்களின் கைக்கு வந்தபோது அங்கே ஒரு குரலுக்கு மேல் அச்சேறவில்லை. அதற்கு முந்திய வருஷம் ராஜனி திராணகம தெருவில் சுடப்பட்டார். 1991இல் செல்வியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கவிஞர், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தவர், ‘தோழி’ என்ற சிறுசஞ்சிகையை நடத்தியவர். அடுத்த வருஷம் சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தபோது விருதை வாங்க அவர் இல்லை. திரும்பி வரவும் இல்லை. சில நூறு பிரதி விற்கும் சஞ்சிகையால் என்ன ஆகிவிடும் என்று நம்மில் சிலர் அடக்கத்தோடு கேட்பதுண்டு. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. நமது சஞ்சிகைகளின் முக்கியத்துவத்தை நம்மைவிட நன்றாக அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2022 ஜூலை 13ஆம் திகதியை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் சேர்த்துத்தானாக வேண்டும். ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய அன்று, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மாதக்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் ரூபவாஹினி வளாகத்துக்குள் போனார்கள். நாற்பது வருஷத்தில் முதல்முறையாகப் பொதுச்சொத்துக்குள் பொது நுழைந்தது. நேரடி ஒளிபரப்பில் தோன்றிய இளைஞர் சொன்னது என்ன? இனிப் போராட்டம் பற்றிய நிகழ்ச்சிகள் மட்டுமே ஒளிபரப்பாகும் என்று. சிறிது நேரத்தில் ஒளிபரப்பே நின்றுபோனது. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வளர்ந்தது முழுவதும் அந்தத் திரையின் முன்னால். அந்த நாற்காலியில் உட்காருகிறவன் என்ன சொல்லவேண்டும் என்று அவர் பார்த்துப் பழகியதைச் சொன்னார். ‘மட்டுமே’ என்ற சொல்லைத் தவிர வேறெதையும் அந்த ஸ்தாபனம் அவருக்குக் கற்பிக்கவில்லை.

ஆக, உடைமை யாரிடம் என்ற கேள்வி போதாது. அந்த நாற்காலியில் இருப்பவனுக்குத் தொலைபேசி எடுத்து ‘இதைப் போடாதே’ என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர், சொன்ன பிறகும் போட்டால் அவன் வேலை இருக்குமா என்பதே கேள்வி. முதலாளியாயினும் மந்திரியாயினும் இயக்கமாயினும் எடுத்துப் பேசும் தொலைபேசி ஒன்றுதான். 1973 சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் வேறு எண்ணங்கள் இருந்திருக்கலாம், இருந்தன. என்றாலும் அவர்கள் தாளில் எழுதிவைத்த பரந்த உடைமை என்ற ஏற்பாடு அந்தத் தொலைபேசியைத் துண்டிக்கும் சாத்தியம் உள்ள ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் சிறுசிறு பங்குகளாக வைத்திருக்கும் பத்திரிகைக்கு யார் தொலைபேசி எடுப்பது? வெறும் கனவு என்று நண்பர்கள் சிரிக்கலாம். விற்பதும் வைத்திருப்பதும் இரண்டும் இங்கே நடந்து பார்த்தாகிவிட்டது. நடந்து பார்க்காதது இது ஒன்றுதான், அதுவும் ஏற்கெனவே சட்டமாக இருப்பது.

நம் வட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அரசாங்கப் பத்திரிகையின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தை மேடையில் திட்டிவிட்டு, தன் புத்தக வெளியீட்டின் படம் அதில் வரவில்லை என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். இதில் பெரிய பாவமில்லை, ஒரு சின்ன நாட்டில் எழுதுகிறவனுக்கு இருக்கிற சாளரங்கள் கொஞ்சம். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்பட்டபோதும் இதே அரசாங்கத்தின் தயவில்தான் நமது சஞ்சிகைகளும் வீரகேசரிப் பிரசுரங்களும் வாசகரைக் கண்டன. அதைக் கொள்கை வெற்றி என்று கொண்டாடியவர்கள் கதவை மூடி வளர்த்த செடிக்குக் காற்றுப் பழக்கமில்லை என்பதைச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் காகிதம் வாங்க டொலர் இல்லாமல் கொழும்பின் இரண்டு தினசரிகள் அச்சிடுவதை நிறுத்தின, பள்ளிக்கூடப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கருத்துச் சுதந்திரம் என்பது கடைசியில் ஒரு றீம் காகிதத்தின் விலையிலும் இருக்கிறது என்பது சஞ்சிகை நடத்தியவனுக்குத் தெரியும். இதற்கு மேல் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. ஒரு கூற்று பொய்யா மெய்யா என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு, அதற்கு ஆட்களை நியமிப்பவர் ஜனாதிபதி. 1973 பத்திரிகைப் பேரவையின் பேரப்பிள்ளை அது. முகச்சாடை அப்படியே இருக்கிறது. அதைப் பற்றியும் நமது சஞ்சிகைகளில் அதிகம் பேச்சில்லை. விருதுக் குழுக்களைப் பற்றிய பேச்சே இன்னும் முடியவில்லை.

கட்டுரை எழுதி ஓய்வதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே ஒரு சிறு காரியம் தொடங்கியிருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் எந்தப் பகிரங்க அதிகாரசபையிடமும் காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். பொது நம்பிக்கைப் பொறுப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் தயாராகியிருக்கிறது. கேள்விகள் மூன்றுதான். 1973இல் தங்களிடம் கையளிக்கப்பட்ட 75 வீதப் பங்குகளில் இன்றுவரை பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை எத்தனை? விற்பதற்கு எடுத்த முயற்சிகள் எவை, எந்தத் திகதிகளில்? விற்கவேண்டாம் என்று அறிவுறுத்தல் வந்திருப்பின் அதன் பிரதி. தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறோம். சிங்கள எழுத்தாள நண்பர்கள் சிலரும் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். விற்கலாம் என்கிற நண்பரும் வைத்திருக்கலாம் என்கிற நண்பரும் கையெழுத்திடலாம், இருவருக்கும் இடம் விட்டிருக்கிறது. வருகிற பதிலை, ‘மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்று வந்தாலும், ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்த இதழில் அச்சிடுவோம்.